அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அந்தக் காலத்தில் எப்படி ஆடப்பட்டது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் சனிக்கிழமை என்பது கல்லூரிக் கால்பந்துக்கான நாள். அங்கே குடியேறிய நம்மவர்கள், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்த பெற்றோர், தொலைக்காட்சியில் தற்செயலாகப் பார்த்தவர்கள் என்று பலரும் கேட்பது இதைத்தான்: ஆட்டத்தை ஏன் இப்படி விட்டுவிட்டு ஆடுகிறார்கள், ஏன் இத்தனை விதிகள்? விடை 1869-க்கும் 1912-க்கும் இடைப்பட்ட வருடங்களில் இருக்கிறது. இந்த ஆட்டத்தை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு உருவாக்கவில்லை. ஒருவர் விதியில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடிப்பார். அதை அடைக்க அடுத்த வருடம் கூட்டம் போடுவார்கள். அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் வேறு ஓட்டையைக் கண்டுபிடிப்பார். அப்படியே வளர்ந்த ஆட்டம் இது.

கீழே 'கால்பந்து' என்று வரும் இடத்தில் அமெரிக்கக் கால்பந்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஆடும் கால்பந்தை 'சாக்கர்' என்றே எழுதியிருக்கிறேன்.

முதல் ஆட்டம் எங்கே, எப்போது நடந்தது?

1869 நவம்பர் 6, சனிக்கிழமை. நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் ஊரில் ரட்கர்ஸ் கல்லூரி மாணவர்களும் பிரின்ஸ்டன் மாணவர்களும் மோதினார்கள். பிரின்ஸ்டனுக்கு அப்போது 'நியூ ஜெர்சி கல்லூரி' என்று பெயர். பக்கத்துக்கு 25 பேர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சுமார் நூறு பேர். சீருடை கிடையாது. கோட்டையும் தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டு, போட்டிருந்த உடையிலேயே இறங்கினார்கள். ரட்கர்ஸ்காரர்கள் மட்டும் அடையாளத்துக்காகச் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சிவப்பு இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தின் நிறம்.

முதலில் ஆறு கோல் போடுபவருக்கு வெற்றி என்று பேச்சு. ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. பிரின்ஸ்டன்காரர்கள் உயரமானவர்கள் என்பதால் பந்தை மேலே எழும்ப விடாமல் தரையோடு உதைத்துப் போகும்படி ரட்கர்ஸ் தலைவர் வில்லியம் லெகெட் சொன்னாராம். ஆட்டத்தின் நடுவே இரண்டு பேர் பந்தைத் துரத்திக்கொண்டு போய் வேலியில் மோத, வேலி அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்களோடு சாய்ந்தது. ஒரு வாரம் கழித்து பிரின்ஸ்டனில் மறு ஆட்டம். அங்கே உள்ளூர் விதி, பிரின்ஸ்டனுக்கு 8-0 வெற்றி. மூன்றாவது ஆட்டம் நடக்கவே இல்லை.

அப்போதே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்களா?

இல்லை. 1869-ல் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது, எறியவும் கூடாது. காலால் உதைக்கலாம், கையால் தட்டலாம், தலையால் முட்டலாம். பந்தும் வட்டப் பந்துதான். இன்று நாம் பார்த்தால் கூட்டம் மிகுந்த, கொஞ்சம் முரட்டுத்தனமான சாக்கர் என்றுதான் சொல்வோம். 'முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டம்' என்று எல்லாரும் கொண்டாடுவது உண்மையில் சாக்கருக்கு நெருங்கிய உறவான ஓர் ஆட்டத்தை. இதனால் அந்த நாளின் பெருமை குறையாது. இரண்டு கல்லூரிகளின் மாணவர்கள் தாங்களாகவே கடிதம் எழுதி, விதி பேசி, ரயிலேறிப் போய் ஆடினார்கள். அந்தப் பழக்கம்தான் அன்று தொடங்கியது.

அதற்கு முன்னால் கல்லூரிகளில் பந்தாட்டமே இல்லையா?

இருந்தது, ஆனால் கல்லூரிக்கு உள்ளேயே. ஹார்வர்டில் கல்வியாண்டின் தொடக்கத் திங்கட்கிழமை முதலாமாண்டு மாணவர்களும் இரண்டாமாண்டு மாணவர்களும் பந்து என்ற பெயரில் மோதிக்கொள்வார்கள். அந்த நாளுக்கே 'ரத்தத் திங்கள்' என்று பெயர். பந்தைவிட மூக்கும் தாடையும்தான் அதிகம் அடிபட்டன. 1860-ல் நிர்வாகம் தடை போட்டது. மாணவர்கள் பந்துக்குச் சவ ஊர்வலம் நடத்தி, இரங்கல் உரை வாசித்து, குழி தோண்டிப் புதைத்தார்கள்.

அப்புறம் ஓடுகிற ஆட்டம் எப்படி வந்தது?

ஹார்வர்டு பிடிவாதம் பிடித்ததால் வந்தது. 1873 அக்டோபரில் யேல், பிரின்ஸ்டன், ரட்கர்ஸ், கொலம்பியா ஆகிய நான்கும் நியூயார்க்கில் கூடி, சாக்கரை ஒட்டிய பொது விதிகளை எழுதின. ஹார்வர்டு வரவில்லை. அவர்களிடம் 'பாஸ்டன் ஆட்டம்' என்று ஒன்று இருந்தது. அதில் எதிராளி துரத்தினால் பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம். அதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை.

அமெரிக்காவில் ஆட ஆள் கிடைக்காமல்போன ஹார்வர்டு, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டது. 1874 மே 14 அன்று பாஸ்டன் விதிப்படி ஆடியதில் ஹார்வர்டு 3-0 என்று சுலபமாக ஜெயித்தது. மறுநாள் மெக்கிலின் ரக்பி விதிப்படி, முட்டை வடிவப் பந்தோடு ஆடினார்கள். 0-0. கோல் விழாவிட்டாலும் ஹார்வர்டு மாணவர்கள் ரக்பியில் சொக்கிப்போனார்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது நாள்தான் அமெரிக்கக் கால்பந்தின் உண்மையான பிறந்தநாள்.

1875 நவம்பர் 13 அன்று நியூ ஹேவனில் ஹார்வர்டும் யேலும் முதன்முறையாக மோதின. ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எழுதிய விதி, பக்கத்துக்கு 15 பேர், ஹார்வர்டுக்கு 4-0 வெற்றி. தோற்ற யேலுக்கும், பார்க்க வந்திருந்த பிரின்ஸ்டன் மாணவர்களுக்கும் ரக்பி பிடித்துப்போனது. 1876 நவம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் மாசசாய்ட் ஹவுஸ் ஓட்டலில் கூடி, ரக்பியை ஒட்டிய விதிகளை ஏற்றுக்கொண்டார்கள். சாக்கர் அந்தக் கல்லூரிகளில் பின்னுக்குப் போனது அன்றுதான்.

பேராசிரியர்கள் இதையெல்லாம் ஆதரித்தார்களா?

பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். 1873-ல் மிஷிகன் மாணவர்கள் கிளீவ்லாந்தில் ஆட அழைத்தபோது, காற்றடைத்த பையை அலைக்கழிக்க 30 பேரை 400 மைல் அனுப்ப மாட்டேன் என்று கார்னெல் பல்கலைக்கழகத் தலைவர் ஆண்ட்ரூ ஒயிட் மறுத்துவிட்டார். அணி, பணம், பயணம், விதி எல்லாமே மாணவர்கள் கையில்தான் இருந்தது. பயிற்சியாளர் என்று சம்பளத்துக்கு ஆள் வைப்பது பின்னால் வந்த வழக்கம். அதுவரை அணித் தலைவர் சொன்னதுதான் சட்டம்.

வால்டர் கேம்ப் என்பவரை ஏன் இந்த ஆட்டத்தின் தந்தை என்கிறார்கள்?

ஒரே ஒரு மாற்றத்துக்காகவே அந்தப் பட்டத்தைக் கொடுக்கலாம். ரக்பியில் ஆட்டக்காரரை மடக்கியதும் இரு பக்கத்தாரும் தோளோடு தோள் பூட்டிக்கொண்டு நடுவில் கிடக்கும் பந்தைக் காலால் தங்கள் பக்கம் தள்ளப் பார்ப்பார்கள். பந்து யாருக்குப் போகும் என்பது அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. 1876-ல் யேலில் சேர்ந்த கேம்புக்கு இந்தக் குழப்பம் பிடிக்கவில்லை. 1880-ல் அவர் கொண்டுவந்த விதி இது: பந்து யாரிடம் இருந்ததோ அவர்களிடமே இருக்கட்டும். இரு அணியும் எதிரெதிரே வரிசையாக நிற்கட்டும். நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் தள்ளியதும் ஆட்டம் தொடங்கட்டும். ஆரம்பத்தில் பந்தைக் காலால்தான் பின்னுக்குத் தள்ளினார்கள். அதை வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். பக்கத்துக்கு 11 பேர் என்பதும் அதே வருடம் வந்தது. யேல் அதற்காகப் பல வருடம் வாதாடியிருந்தது.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள். பந்து உங்களிடம்தான் இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அடுத்து என்ன செய்வது என்று திட்டமிடலாம். சைகை வைத்துக்கொள்ளலாம், ஒத்திகை பார்க்கலாம். இன்றைய அமெரிக்கக் கால்பந்தின் மூளை முழுவதும் அந்த ஒரு விதியில் இருக்கிறது. பின்னால் வந்த வன்முறையும் அதே விதியில்தான் முளைத்தது. எதிரி எங்கே நிற்பார் என்று தெரிந்தால் மொத்தப் பேரும் சேர்ந்து அந்த ஒருவர் மேலேயே பாயலாம் அல்லவா?

'டவுன்' என்ற கணக்கு எதற்கு?

கேம்ப் செய்த மாற்றத்தின் ஓட்டையை அடைக்க. பந்தை எதிராளியிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. 1881-ல் பிரின்ஸ்டனும் யேலும் மோதியபோது ஒரு பாதி முழுவதும் பிரின்ஸ்டன் பந்தை வைத்துக்கொண்டு முன்னேறாமல் நின்றது, மறு பாதியில் யேல் அதையே செய்தது. 0-0. காசு கொடுத்து வந்த கூட்டம் கொதித்துப்போனது. அடுத்த வருடமே புது விதி வந்தது: மூன்று முயற்சிக்குள் (ஒரு முயற்சிதான் ஒரு 'டவுன்') 5 யார்டு முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. 5 யார்டை அளக்க மைதானத்தில் குறுக்கே சுண்ணாம்புக் கோடுகள் போட்டார்கள். இன்று தொலைக்காட்சியில் தெரியும் கோடுகள் அன்று போட்டவற்றின் வாரிசுகள்.

அப்போது ஓட்டத்தை நிறுத்த விசில் கிடையாது. பந்தோடு பிடிபட்டவர், இனி முடியாது என்று தோன்றும்போது தானே 'டவுன்!' என்று கத்த வேண்டும். கபடியில் பாடிப்போனவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டை நோக்கி இழுபடுவது போல, இவரும் கத்தாமல் தாக்குப்பிடித்து இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று நகர்வார். கத்தும்வரை எதிராளிகள் மேலே விழுந்துகொண்டே இருப்பார்கள்.

புள்ளிக் கணக்கு ஏன் இத்தனை விநோதமாக இருக்கிறது?

ஆரம்பத்தில் கோலுக்குத்தான் மதிப்பு. எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் (இதுதான் 'டச்டவுன்') கோலுக்கு உதைக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும், அவ்வளவுதான். 1883-ல் எண்கள் வந்தன: டச்டவுனுக்கு 2, அதற்குப் பிறகான உதைக்கு 4, களத்திலிருந்து நேராக உதைக்கும் கோலுக்கு 5. அடுத்த வருடமே டச்டவுன் 4 ஆனது. 1890களின் கடைசியில் 5. 1912-ல் 6. களக் கோல் 5-லிருந்து 1904-ல் 4 ஆகி, 1909-ல் 3-ல் நின்றது. உதைக்கிற ஆட்டம் ஓடுகிற ஆட்டமாக மாறிய கதையை இந்த எண்களை மட்டும் வைத்தே சொல்லிவிடலாம்.

1890களில் ஓர் ஆட்டம் பார்க்கப் போயிருந்தால் என்ன கண்டிருப்போம்?

முதலில் கண்ணில் படுவது ஆட்டக்காரர்களின் தலைமுடி. தலைக்கவசம் இல்லாததால் அடியைத் தாங்கட்டும் என்று முடியை அடர்த்தியாக வளர்த்தார்கள். மூக்குக்கு ரப்பர் கவசம் கட்டியவர்கள் சிலர். உடம்பில் இறுக்கிக் கட்டிய கித்தான் சட்டை, பிடித்தால் நழுவும். முன்னோக்கி எறிவது கிடையாது. அதனால் பந்தோடு ஓடுபவரைச் சுற்றி மொத்த அணியும் ஒரே கட்டாகச் சேர்ந்து இடித்துக்கொண்டு போகும். ஓடுபவரைத் தன் ஆட்களே பின்னாலிருந்து தள்ளலாம், முன்னாலிருந்து இழுக்கலாம். இழுக்க வசதியாகக் கால்சட்டையில் கைப்பிடி தைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஒவ்வொரு பாதியும் 45 நிமிடம். வெளியே போனவர் திரும்பி வர முடியாது. ஆகவே விரல் ஒடிந்தாலும் நின்று ஆடுவார்கள்.

ஒரு நிமிடத்தை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். 1892 நவம்பர் 19, ஸ்பிரிங்ஃபீல்டு, ஹார்வர்டுக்கும் யேலுக்கும் ஆட்டம். முதல் பாதியில் புள்ளி இல்லை. இரண்டாம் பாதியின் தொடக்க உதை ஹார்வர்டுக்கு. அன்றைய விதிப்படி தொடக்க உதை தூரம் போக வேண்டியதில்லை. காலால் லேசாகத் தட்டிவிட்டுப் பந்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். ஹார்வர்டு தலைவர் டிராஃபர்டு நடுவில் தனியாக நிற்கிறார். மற்ற பத்துப் பேர் இரண்டு குழுவாகப் பிரிந்து, வெகுதூரம் பின்னால், இடமும் வலமுமாக நிற்கிறார்கள். என்ன நடக்கப்போகிறது என்று யேலுக்குப் புரியவில்லை. சைகை கிடைத்ததும் இரண்டு குழுவும் முழு வேகத்தில் சாய்வாக ஓடிவந்து, டிராஃபர்டுக்கு முன்னால் ஆப்பு வடிவில் ஒன்றுசேர்கின்றன. அந்தக் கணத்தில் அவர் பந்தைத் தட்டி எடுத்துப் பின்னால் வரும் பிரூவரிடம் கொடுக்கிறார். மொத்த ஆப்பும் யேல் வரிசையில் ஒரே ஓர் ஆளைக் குறிவைத்துப் பாய்கிறது. சுமார் 30 யார்டு போன பிறகுதான் நிறுத்த முடிந்தது.

இதற்குப் 'பறக்கும் ஆப்பு' என்று பெயர் வந்தது. யோசித்தவர் லோரின் டீலண்டு. பாஸ்டன்காரர், சதுரங்கத்தில் தேர்ந்தவர், நெப்போலியனின் போர்முறைகளை ஆழ்ந்து படித்தவர். தாமே ஒரு நாளும் கால்பந்து ஆடியதில்லை. அன்று ஜெயித்தது யேல்தான், 6-0. ஆனால் அடுத்த வருடம் கிட்டத்தட்ட எல்லா அணிகளும் ஆப்பு வைத்தன. அடிபட்டவர்கள் எண்ணிக்கை ஏறியது. 1894-ல் தொடக்க உதை குறைந்தது 10 யார்டு போக வேண்டும் என்று விதி வந்து, அந்த வடிவம் ஒழிந்தது. ஒரே ஆளின் மீது கூட்டமாக விழும் பழக்கம் மட்டும் போகவில்லை.

தலைக்கவசம் எப்போது வந்தது?

1893-ல் ராணுவக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் நடந்த ஆட்டத்தில் ஜோசப் ரீவ்ஸ் என்ற கடற்படை மாணவர், தலையில் இன்னொரு அடி பட்டால் ஆபத்து என்று எச்சரிக்கப்பட்டதால், தைத்துக்கொடுத்த ஒரு தொப்பியோடு இறங்கினார். பின்னாளில் அவர் அட்மிரல் ஆனார். கல்லூரி ஆட்டத்தில் தலைக்கவசம் கட்டாயமானது 1939-ல்தான். இத்தனை தாமதம் ஏன் என்று எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை.

ஆட்டத்தில் உண்மையிலேயே உயிர்கள் போயினவா?

போயின. 1894-ல் ஹார்வர்டு–யேல் ஆட்டத்தில் அத்தனை பேர் காயப்பட்டதால் இரு கல்லூரிகளும் அடுத்த இரண்டு வருடம் மோதவே இல்லை. 1897 அக்டோபர் 30 அன்று அட்லாண்டாவில் வர்ஜீனியாவுக்கு எதிராக ஆடிய ஜார்ஜியா மாணவர் வான் கேமன் தலையில் அடிபட்டு இறந்தார். ஜார்ஜியா சட்டமன்றம் கால்பந்தையே தடை செய்ய மசோதா நிறைவேற்றியது. மகனைப் பறிகொடுத்த தாய் ரோசலிண்டு, அவன் உயிராக நேசித்த ஆட்டத்தை அவன் சாவைக் காரணம் காட்டி நிறுத்த வேண்டாம் என்று கடிதம் எழுதினார். ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை, மசோதா விழுந்தது.

1905-ல் நிலைமை எல்லை மீறியது. சிகாகோ டிரிப்யூன் நாளிதழின் கணக்குப்படி அந்தப் பருவத்தில் 18 பேர் இறந்தார்கள், 159 பேர் படுகாயம் அடைந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். கல்லூரியில் அண்ணன்மார் செய்வதைப் பார்த்து, பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் அதையே செய்தவர்கள். இந்தக் கணக்கில் என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

அதிபர் ரூஸ்வெல்ட் கால்பந்தைத் தடை செய்வதாக மிரட்டினார் என்கிறார்களே?

அப்படித் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், ஆனால் சரியில்லை. தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு இந்த ஆட்டம் மிகவும் பிடிக்கும். அவர் மகனே அந்த வருடம் ஹார்வர்டு முதலாமாண்டு அணியில் ஆடி மூக்கை உடைத்துக்கொண்டான். 1905 அக்டோபர் 9 அன்று ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு, ஆட்டத்தைச் சுத்தம் செய்யுங்கள் என்று வலியுறுத்தினார். தடை கேட்டவர்கள் வேறு. அவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டு தலைவர் சார்லஸ் எலியட்.

திருப்பம் நவம்பர் 25-ல் வந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் யூனியன் கல்லூரி மாணவர் ஹரால்டு மூர் இறந்தார். நியூயார்க் பல்கலைக்கழக வேந்தர் ஹென்றி மெக்ராக்கன் கல்லூரிகளைக் கூட்டினார். டிசம்பர் 28-ல் 60-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் கூடிச் சங்கம் அமைத்தன. 1910 முதல் அதற்கு என்சிஏஏ என்று பெயர். இன்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பெரும்பகுதியை ஆளும் அமைப்பு அதுதான். இதற்கிடையில் கொலம்பியா கால்பந்தையே நிறுத்திவிட்டது. ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் 1906-ல் ரக்பிக்கு மாறின.

பந்தை முன்னோக்கி எறியலாம் என்று யார் சொன்னது?

பல வருடம் வாதாடியவர் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். 1895-ல் ஜார்ஜியாவும் நார்த் கரோலினாவும் ஆடியதைப் பார்க்கப் போயிருந்தார். உதைக்க இடமில்லாமல் திணறிய ஒரு நார்த் கரோலினா ஆட்டக்காரர் பந்தை முன்னோக்கி எறிந்துவிட்டார், அவர் அணியில் ஒருவர் பிடித்து ஓடி டச்டவுன் போட்டார். விதிக்குப் புறம்பானதுதான், ஆனால் நடுவர் தான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். கூட்டமாக இடித்துக்கொள்வதைக் கலைக்க இதுதான் வழி என்று ஹைஸ்மன் விதிக் குழுவுக்கு எழுதத் தொடங்கினார்.

1906-ல் குழு இசைந்தது. அதற்கு ஒரு கட்டடமும் காரணம். மைதானத்தை அகலமாக்கினால் ஆட்டம் விரியும், நெரிசல் குறையும் என்பது இன்னொரு யோசனை. ஆனால் ஹார்வர்டு 1903-ல்தான் காங்கிரீட்டில் பெரிய அரங்கம் கட்டியிருந்தது. அதை இடிக்காமல் களத்தை அகலப்படுத்த முடியாது. அகலம் போனது, முன்னோக்கி எறியும் 'பாஸ்' வந்தது. அதோடு சேர்ந்து, இரு வரிசைக்கும் நடுவே பந்தின் நீளத்துக்கு இடைவெளி, மூன்று முயற்சியில் 10 யார்டு, மொத்த ஆட்டம் 60 நிமிடம் என்றும் மாற்றினார்கள்.

சரி, உடனே எல்லாரும் எறிந்தார்களா? இல்லை. பந்து யார் மேலும் படாமல் தரையில் விழுந்தால் எதிராளிக்குப் போய்விடும். பந்தை எடுத்த இடத்திலிருந்து பக்கவாட்டில் 5 யார்டாவது தள்ளித்தான் எறிய வேண்டும். அதை அளக்க நெடுக்கிலும் கோடு போட்டதால் மைதானம் சதுரங்கப் பலகை போல ஆனது. பந்து வேறு பருத்தது, கையில் அடங்காது. 1906 செப்டம்பர் 5 அன்று விஸ்கான்சினில் கேரல் கல்லூரிக்கு எதிராக செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பாஸ் தரையில் விழுந்து, பந்து கைமாறியது. அதே ஆட்டத்தில் பிறகு ஜாக் ஷ்னைடருக்கு எறிந்தது டச்டவுன் ஆனது. சட்டப்படி எறிந்து வாங்கிய முதல் பாஸ் அதுதான் என்று பொதுவாக ஏற்கிறார்கள். நாடே திரும்பிப் பார்த்தது 1913-ல். ஒஹாயோவின் சீடர் பாயின்ட் கடற்கரையில் கோடை முழுவதும் எறிந்து பழகிய கஸ் டோரைஸ், நூட் ராக்னி இருவரோடு வந்த நோட்ர டாம் பல்கலைக்கழகம், ராணுவக் கல்லூரியை 35-13 என்று தோற்கடித்தது.

கார்லைல் அணியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

அந்த அணி பிறந்த இடம் அப்படி. பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் பழைய ராணுவக் குடியிருப்பில் 1879-ல் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசத் தடை போட்டு, 'நாகரிகப்படுத்தும்' பள்ளி. அங்கே படித்த பையன்கள், எடையிலும் ஆள்பலத்திலும் தங்களைவிடப் பெரிய அணிகளை, நாட்டின் பணக்காரக் கல்லூரிகளை, வேகத்தாலும் புத்தியாலும் வென்றார்கள்.

1903-ல் ஹார்வர்டோடு ஆடியபோது, தொடக்க உதையைப் பிடித்த ஜிம்மி ஜான்சன், எல்லாரும் சூழ்ந்து மறைத்த ஒரு நொடியில் பந்தைச் சார்லஸ் டில்லன் என்பவரின் சட்டைக்குள் முதுகுப் பக்கமாகச் செருகிவிட்டார். சட்டையின் அடியில் முன்கூட்டியே எலாஸ்டிக் தைத்திருந்தார்கள். ஹார்வர்டு பந்தைத் தேடிக்கொண்டிருக்க, டில்லன் இரு கையையும் வீசிக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டார். கடைசியில் ஹார்வர்டு 12-11 என்று தப்பித்தது. பாஸை முதலில் முழுமையாகப் பயன்படுத்தியவர்களில் அவர்களும் உண்டு. பயிற்சியாளர் பாப் வார்னர். 1907-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என்று வென்றார்கள். 1912 நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயின்டில் ராணுவக் கல்லூரியை 27-6 என்று வென்றார்கள். அன்று கார்லைலுக்கு ஆடியவர் ஜிம் தோர்ப், அதே வருடம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். எதிரணியில் ஆடிய ஒருவர் பின்னாளின் அதிபர் ஐசன்ஹோவர். பழைய கால்பந்தில் ஒரே ஒரு அணியைப் பற்றித்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் கார்லைலைப் படியுங்கள்.

கறுப்பின மாணவர்கள் ஆடினார்களா?

வடக்கே சிலர் ஆடினார்கள். வில்லியம் ஹென்றி லூயிஸ் 1890களின் தொடக்கத்தில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி அணிக்குத் தலைவர், பிறகு ஹார்வர்டின் நடு ஆட்டக்காரர், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலான 'அகில அமெரிக்க அணி'க்குத் தேர்வானவர். பின்னால் நாட்டின் துணை அட்டர்னி ஜெனரல்களில் ஒருவரானார். பாடகராக உலகம் அறிந்த பால் ராப்சன் 1910களில் ரட்கர்ஸின் நட்சத்திரம். தெற்கே வெள்ளையர் கல்லூரிகளில் கதவு அடைத்திருந்ததால் கறுப்பினக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடத் தொடங்கின. அவற்றின் முதல் ஆட்டம் 1892 டிசம்பர் 27 அன்று நார்த் கரோலினாவின் சால்ஸ்பரியில், பிடில், லிவிங்ஸ்டன் கல்லூரிகளுக்கு இடையே, பனி கொட்டும்போது நடந்தது. வென்றது பிடில்.

அப்போதே பணம் புழங்கியதா?

நன்றாகவே. கல்லூரி மாறி மாறி ஆடிய கூலி ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். யேலில் பேரெடுத்த பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர், படிப்பு முடிந்த பிறகு 1892-ல் பிட்ஸ்பர்கில் ஒரே ஆட்டத்துக்கு 500 டாலர் வாங்கினார். முதல் தொழில்முறை ஆட்டக்காரர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

222-0 என்று ஓர் ஆட்டம் நடந்தது உண்மையா?

உண்மை. 1916 அக்டோபர் 7, அட்லாண்டா. ஜார்ஜியா டெக் கம்பர்லாந்து கல்லூரியை அடித்த கணக்கு அது. கம்பர்லாந்து அந்த வருடம் அணியையே கலைத்துவிட்டது. ஒப்புக்கொண்ட ஆட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் கட்ட வேண்டும் என்பதால் கிடைத்த மாணவர்களைத் திரட்டி அனுப்பியது. ஜார்ஜியா டெக்கின் பயிற்சியாளர் மேலே சொன்ன அதே ஹைஸ்மன்.

இன்றைய வடிவம் எப்போது முழுமையானது?

1909-ல் மறுபடியும் சாவுகள் நடந்தன. 1910-ல் ஓடுபவரைத் தன் ஆட்கள் தள்ளுவதும் இழுப்பதும் தடை செய்யப்பட்டது. முன் வரிசையில் ஏழு பேர் இருக்க வேண்டும், ஆட்டம் நான்கு கால் பகுதிகள் என்று ஆனது. 1912-ல் களம் 110 யார்டிலிருந்து 100 ஆகி, இரு முனையிலும் 10 யார்டு இடம் சேர்ந்தது. 10 யார்டுக்கு நான்கு முயற்சி, டச்டவுனுக்கு 6 புள்ளி, பாஸுக்கு இருந்த 20 யார்டு வரம்பு நீக்கம். அந்த வருடத்து ஆட்டத்தைப் பார்த்தால் இன்றைய ரசிகருக்குப் புரியும். 1905-ஐப் பார்த்தால் விளக்க ஆள் தேவைப்படும்.

ரக்பியின் மிச்சம் எதுவும் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. பந்தைத் தரையில் ஒருமுறை எழும்பவிட்டு உதைக்கும் 'டிராப் கிக்' இன்றும் விதிப்புத்தகத்தில் உண்டு. 1934-ல் எறிவதற்கு வாகாகப் பந்தை ஒல்லியாக்கியதும் நேராக எழும்பாததால் வழக்கொழிந்தது. பக்கவாட்டிலோ பின்னாலோ எத்தனை முறை வேண்டுமானாலும் எறியலாம் என்ற ரக்பி விதியும் அப்படியே இருக்கிறது. 1982 நவம்பர் 20 அன்று அதைப் பயன்படுத்தியது, ஒரு காலத்தில் ரக்பிக்கு மாறிய அதே கலிஃபோர்னியா, ஆடியது அதே ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக. கடைசி நான்கு நொடிகள், ஸ்டான்ஃபோர்டு ஒரு புள்ளி முன்னிலை. தொடக்க உதையைப் பிடித்த கலிஃபோர்னியா ஐந்து முறை பந்தைப் பக்கவாட்டிலும் பின்னாலும் கைமாற்றிக்கொண்டே ஓடியது. ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஸ்டான்ஃபோர்டின் வாத்தியக் குழு அதற்குள் களத்துக்குள் வந்துவிட்டது. கெவின் மோயன் அவர்களுக்கு நடுவே புகுந்து ஓடி, கோட்டைத் தாண்டி, டிராம்போன் வாசிப்பவர் மேலேயே மோதினார். கலிஃபோர்னியா 25, ஸ்டான்ஃபோர்டு 20.